பழைய லொறிக்குத் தடிப்பான ஒயில் மருந்தாகுமா?

நமது வியாபாரிகளில் பலருக்கு லொறி கடையின் இன்னொரு அறையைப் போன்றது. பொலன்னறுவையிலிருந்து அரிசியும், நுவரெலியாவிலிருந்து மரக்கறியும், கற்பிட்டியிலிருந்து கருவாடும் வந்து சேர்ந்தால்தான் மறுநாள் வியாபாரம் நடக்கும். அந்த லொறி பெரும்பாலும் புதியதாக இருப்பதில்லை. ஜப்பானில் சில வருடங்கள் ஓடிவிட்டு இங்கு வந்ததாகவோ, உள்நாட்டிலேயே இரண்டு மூன்று கை மாறியதாகவோ இருக்கும். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, படிப்படியாகத் தளர்த்தப்பட்டு, 2025 இல் மீண்டும் திறக்கப்படும் வரை, விற்றுவிட்டு வேறு வாங்கியிருக்க வேண்டிய பல லொறிகளும் தொடர்ந்து ஓடின. எனவே நமது வீதிகளில் இன்று வயது போன என்ஜின்கள் ஏராளம்.

இத்தகைய லொறிக்கு ஒயில் மாற்றப் போகும்போது எல்லோருக்கும் கிடைக்கும் ஆலோசனை ஒன்றுதான். "பழைய என்ஜின்தானே நானா, கொஞ்சம் தடிப்பான ஒயிலா ஊத்துங்க" என்பார் கடைக்காரர். கராஜ் பாஸும் அதையே சொல்வார். இது முழுப் பொய்யல்ல. ஆனால் எல்லா லொறிக்கும் பொருந்தக்கூடிய உண்மையுமல்ல. லீசிங் தவணை கட்டிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, என்ஜினை இறக்கி வேலை செய்ய லொறி மூன்று வாரம் நின்றால் தவணை நிற்காது. சரக்கு ஏற்ற வாடகை லொறியும் பிடிக்க வேண்டும். ஆகவே ஒயிலைத் தெரிவு செய்வதைக் கடைக்காரரிடமும் சாரதியிடமும் மட்டும் விட்டுவிடாமல், உரிமையாளரும் விளங்கிக் கொள்வது நல்லது.

கேனில் உள்ள இலக்கங்கள் சொல்வது என்ன?

ஒயிலின் தடிப்பைப் பாடசாலையில் பிசுக்குமை என்று படித்திருப்போம். ஒரு திரவம் ஓடுவதற்குக் காட்டும் எதிர்ப்பே அது. தேனுக்குப் பிசுக்குமை அதிகம், தண்ணீருக்குக் குறைவு. அமெரிக்க வாகனப் பொறியியலாளர் சங்கம் 1911 முதல் என்ஜின் ஒயில்களைப் பிசுக்குமையின்படி தரம் பிரித்து வருகிறது. கேனில் எஸ்ஏஈ என்ற மூன்று எழுத்துகளுக்குப் பக்கத்தில் இருக்கும் இலக்கங்கள் அந்தத் தரப் பிரிப்பிலிருந்து வந்தவை.

15டபிள்யூ-40 என்பதை எடுத்துக் கொள்வோம். டபிள்யூ என்ற எழுத்து குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அதற்கு முன்னுள்ள 15, கடும் குளிரில் அந்த ஒயில் எவ்வளவு இலகுவாக அசையும் என்பதைக் காட்டுகிறது. இலக்கம் குறையக் குறைய, கூடிய குளிரிலும் என்ஜினை ஸ்டார்ட் செய்யலாம். பின்னால் உள்ள 40, என்ஜின் நன்றாகச் சூடான பின் ஒயில் எவ்வளவு தடிப்பாக இருக்கும் என்பதைக் காட்டுகிறது. இது 100 பாகை செல்சியஸில் அளக்கப்படும். அந்த வெப்பத்தில் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக் வரை உள்ள ஒயில் 40 ஆகும். 16.3 முதல் 21.9 வரை உள்ளது 50 ஆகும். 9.3 முதல் 12.5 வரை உள்ளது 30 ஆகும்.

இதிலிருந்து ஒரு விடயம் தெளிவாகும். 5டபிள்யூ-40, 15டபிள்யூ-40, வெறும் 40 ஆகிய மூன்றும் சூடான என்ஜினுக்குள் ஏறக்குறைய ஒரே தடிப்புள்ளவை. "வெறும் 40 தான் தடிப்பு, 15டபிள்யூ-40 மெல்லிசு" என்று நினைப்பவர்கள், ஆறிய நிலையில் உள்ள ஒயிலைப் பார்த்துத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

விரலில் தேய்த்துப் பார்த்தால் தெரியாது

ஒயிலை விரலில் தொட்டுத் தேய்த்து "தண்ணியாப் போச்சு" என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஒயிலின் தடிப்பு வெப்பத்தோடு பெருமளவு மாறும் பொருள் என்பதை இங்கே மறந்து விடுகிறோம். சாதாரண 15டபிள்யூ-40 ஒயில் ஒன்று 100 பாகையில் 14 அல்லது 15 சென்டிஸ்டோக் இருந்தால், 40 பாகையில் நூறைத் தாண்டி இருக்கும். காலையில் ஆறிக் கிடக்கும் என்ஜினில் அது சூட்டில் உள்ளதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் தடிப்பாக இருக்கும். விரலில் நாம் உணர்வது அந்த ஆறிய தடிப்பைத்தான். பெயாரிங்குக்குள் வேலை செய்வதோ சூடான தடிப்பு. சுடச்சுட டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் புதிய ஒயிலும் தண்ணீர் போலத்தான் ஓடும்.

அதேபோல் டீசல் என்ஜினில் ஒயில் கறுத்துப் போவதும் கெட்டுப் போனதற்கு அடையாளமல்ல. எரிந்த டீசலின் கரியைத் தன்னுள் தாங்கி வைத்திருப்பது ஒயிலின் கடமைகளில் ஒன்று. மாற்றி ஓரிரு நாளிலேயே கறுத்தால் பயப்பட வேண்டியதில்லை.

நமது நாட்டுக்கு எந்த இலக்கம் முக்கியம்?

20டபிள்யூ ஒயிலை ஸ்டார்ட் செய்யும் சோதனை நடப்பது பூச்சியத்துக்குக் கீழே 15 பாகையில். 15டபிள்யூ என்றால் கீழே 20 பாகை, 10டபிள்யூ என்றால் கீழே 25 பாகை. நமது நாட்டில் ஆகக் குளிரான இடங்களில் ஒன்றான நுவரெலியாவில் கூட, ஜனவரி, பெப்ரவரியில் பனி உறையும் விடியற்காலையில் வெப்பநிலை பூச்சியத்தை அண்மிப்பதோடு சரி. ஆகவே குளிருக்காக மட்டும் விலை கூடிய 5டபிள்யூ ஒயில் வாங்க வேண்டிய தேவை இங்கு ஓடும் சாதாரண லொறிக்கு இல்லை. முதல் இலக்கம் குறைந்த ஒயில் காலையில் சற்று விரைவாக மேலே ஏறும் என்பது உண்மை. அந்த நன்மை இருக்கட்டும்.

நமக்கு முக்கியம் இரண்டாவது இலக்கம். கடுகண்ணாவை ஏற்றத்திலும் மஹியங்கனைப் பதினெட்டு வளைவிலும் முழுப் பாரத்தோடு இரண்டாம் கியரில் ஏறும் லொறியின் ஒயில்தான் கடும் சோதனைக்கு உள்ளாகிறது. அந்த நேரத்தில் பெயாரிங்குக்கும் கிராங்குக்கும் இடையே ஒரு மெல்லிய ஒயில் படலம் மட்டுமே இருக்கும். அது அறுந்தால் இரும்பு இரும்போடு உரசும்.

தடிப்புக் கூடினால் வரும் நட்டம்

அப்படியானால் எல்லோரும் 50 ஊற்றிவிடலாமே என்று கேட்கத் தோன்றும். அதற்கும் விலை உண்டு.

முதலாவது, ஒயில் போய்ச் சேரும் நேரம். என்ஜின் ஸ்டார்ட் ஆனதும் ஒயில் பம்ப் மூலம் பில்டரைக் கடந்து, ஒடுங்கிய துளைகள் வழியாக மேலே வால்வு வரையும் டர்போ வரையும் செல்ல வேண்டும். ஒயில் தடிப்பானால் இது தாமதமாகும். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு இலட்சம் தடவைக்கு மேலும் சுற்றக்கூடியது. அதற்கு ஒயில் பிந்திக் கிடைத்தால் காலப்போக்கில் புஷ் தேய்ந்துவிடும்.

இரண்டாவது, பில்டர். ஆறிய தடிப்பான ஒயில் பில்டர் தாளினூடாகப் போக முடியாதபோது, பில்டருக்குள் இருக்கும் மாற்றுவழி வால்வு திறந்துவிடும். அப்போது வடிகட்டப்படாத ஒயிலே என்ஜினுக்குள் செல்லும்.

மூன்றாவது, அழுத்தமானி தரும் பொய்யான ஆறுதல். தடிப்பான ஒயில் ஊற்றியதும் கேஜ் முள் உயரும்; மனதுக்கும் நிம்மதியாக இருக்கும். ஆனால் முள் காட்டுவது அழுத்தத்தை மட்டுமே. எவ்வளவு ஒயில் ஓடுகிறது என்பதை அது காட்டாது. வெப்பத்தை அகற்றுவது ஓடும் ஒயில்தான்.

நான்காவது, டீசல். தடிப்பான ஒயிலைக் கலக்கிச் சுழற்ற என்ஜின் கூடிய சக்தியைச் செலவிடும். ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். மாதம் 4,000 கிலோமீற்றர் ஓடி, லீற்றருக்கு 6 கிலோமீற்றர் செய்யும் லொறிக்கு மாதம் ஏறக்குறைய 667 லீற்றர் டீசல் தேவை. நூற்றுக்கு ஒரு வீதம் செலவு கூடினாலே வருடத்துக்கு 80 லீற்றர் மேலதிகமாகப் போகிறது. தடிப்பான ஒயில் ஊற்றியதால் ஒயில் குறைவது மாதத்துக்கு இரண்டு லீற்றர் மிச்சமானது என்றால், வருடத்துக்கு 24 லீற்றர் ஒயில் மிச்சம். இன்றைய விலைகளைப் போட்டு இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மிச்சம் என்று நினைத்ததில் பெரும் பகுதி டீசலாகப் போயிருப்பதைக் காண்பீர்கள்.

மெல்லியதானால் வரும் நட்டம்

மறுபக்கமும் உண்டு. 15டபிள்யூ-40 கேட்கும் தேய்ந்த என்ஜினுக்கு 30 ஊற்றினால், சூடான பின் ஐட்லில் அழுத்தம் விழும். பாரம் ஏற்றிய ஏற்றத்தில் படலம் அறுக்கும் ஆபத்துக் கூடும். ரிங் வழியாக மேலே ஏறி எரியும் ஒயிலும் கூடும்.

சரியான ஒயிலை ஊற்றினாலும் அது உள்ளே மெல்லியதாக மாறலாம் என்பதைக் கவனிக்க வேண்டும். ஊசிப் பம்ப் அல்லது இன்ஜெக்டர் பழுதானால் எரியாத டீசல் ஒயிலோடு கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஒயில் மட்டம் குறையாமல் உயர்ந்தால் சந்தோசப்பட வேண்டாம். அது டீசலோ தண்ணீரோ உள்ளே இறங்குவதன் அடையாளம். இதற்கு மருந்து தடிப்பான ஒயில் அல்ல, இன்ஜெக்டர் வேலை.

எங்கே தொடங்குவது?

தொடங்க வேண்டிய இடம் என்ஜினின் கைநூல். கைநூல் இல்லாவிட்டால் என்ஜின் மாதிரி இலக்கத்தைக் குறித்துக் கொண்டு, அந்த வர்க்கத்தின் முகவரிடம் அல்லது அதே என்ஜினில் அனுபவமுள்ள பாஸிடம் விசாரியுங்கள். லொறியின் பெயர் மட்டும் போதாது. ஒரே எல்ப், ஒரே கன்டர் என்றாலும் ஆண்டுக்கு ஆண்டு என்ஜின் வேறு; என்ஜினுக்கு என்ஜின் ஒயிலும் வேறு.

பொதுவாகச் சொன்னால், வெப்ப நாடுகளில் ஓடும் பழைய டீசல் லொறிகளுக்கு 15டபிள்யூ-40 தான் நடுநிலையான தெரிவு. டாடா, லேலண்ட் போன்ற இந்திய லொறிகளுக்கும் பெரும்பாலும் அதுவே. ஜப்பான் உள்நாட்டுப் பாவனைக்காகச் செய்யப்பட்ட பிற்கால லொறிகளின் கைநூலில் 10டபிள்யூ-30 இருப்பதைக் காணலாம். அது பிழையல்ல, அந்த என்ஜின் அதற்கென்றே அமைக்கப்பட்டது. அதே கைநூலில் வெளி வெப்பநிலைக்கு ஏற்ப எந்தெந்தத் தடிப்பைப் பாவிக்கலாம் என்ற அட்டவணையும் இருப்பதுண்டு. நமது வெப்பத்துக்கு அந்த அட்டவணை எதை அனுமதிக்கிறது என்று பார்க்க வேண்டும்.

50 க்கு எப்போது போகலாம்?

ஒயில் குறைகிறது, அல்லது சூட்டில் அழுத்தம் குறைகிறது என்ற ஆதாரம் கையில் இருக்க வேண்டும். "வயது போன என்ஜின்" என்பது ஆதாரமல்ல. மூன்று இலட்சம் கிலோமீற்றர் ஓடியும் ஒயில் குறையாத என்ஜின்கள் உண்டு. அவற்றுக்கு 15டபிள்யூ-40 ஐ மாற்ற எந்தக் காரணமும் இல்லை.

ஒயில் குறைவதை அளந்து பாருங்கள். சமதரையில், என்ஜினை நிறுத்திச் சற்று நேரம் விட்டு, மேல் கோடு வரை ஊற்றி, கிலோமீற்றரைக் குறியுங்கள். ஆயிரம் கிலோமீற்றர் ஓடிய பின் மீண்டும் மேல் கோட்டுக்கு வர எவ்வளவு ஊற்ற வேண்டியிருக்கிறது என்று எழுதுங்கள். லீற்றர் ஒன்று என்றால், மாதம் 4,000 கிலோமீற்றர் ஓடும் லொறிக்கு வருடத்துக்கு 48 லீற்றர். எட்டு லீற்றர் கொள்ளும் என்ஜினுக்கு அது ஆறு தடவை முழுதாக ஒயில் மாற்றுவதற்குச் சமம்.

பிறகு காரணத்தைத் தேடுங்கள். கீழே சொட்டுகிறதா? சீல் மாற்றினால் முடிந்துவிடும். டர்போ வழியாகப் போகிறதா? சைலன்சரில் நீலப் புகை வருகிறதா? அழுத்தத்தைப் பொறுத்தவரை, டாஷ்போர்டில் உள்ள சிவப்பு விளக்கை நம்ப வேண்டாம்; நிலைமை மிக மோசமான பின்பே அது எரியும். கராஜில் தனிக் கேஜ் பூட்டி, என்ஜின் நன்றாகச் சூடான பின் ஐட்லிலும் ஓடும் வேகத்திலும் பார்த்து, கைநூலில் உள்ள அளவோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

இவ்வளவும் பார்த்த பின், தேய்மானம்தான் காரணம் என்று தெரிந்து, கைநூலும் தடை சொல்லாவிட்டால், ஒரு படி மட்டும் ஏறி 20டபிள்யூ-50 போடலாம். அது நமக்குக் கிடைக்கும் தவணைக் காலம். அந்த மாதங்களில் என்ஜின் வேலைக்குக் காசு ஒதுக்க வேண்டும். தேய்ந்த ரிங்கையும் லைனரையும் எந்த ஒயிலும் வளர்த்துத் தராது.

இன்னொரு தவறான பழக்கமும் உண்டு. என்ஜினுக்குள் கியர் ஒயில் 90 ஐக் கலப்பது. 90 என்பது 50 ஐவிட இரு மடங்கு தடிப்பு என்று நினைக்கிறார்கள். கியர் ஒயிலுக்கு அளவுகோலே வேறு. கியர் ஒயில் 90 சூட்டில் ஏறக்குறைய என்ஜின் ஒயில் 40, 50 இன் தடிப்பில்தான் இருக்கும். கியருக்கென்று சேர்க்கப்பட்ட இரசாயனங்கள் என்ஜினுக்குப் பொருந்தாதவை.

தடிப்பு மட்டும் போதாது, தரமும் வேண்டும்

15டபிள்யூ-40 என்று எழுதிய இரண்டு கேன்கள் தரத்தில் வெகுதூரம் வேறுபடலாம். கேனில் ஏபிஐ என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் உள்ளதைப் பாருங்கள். எஸ் எழுத்தில் மட்டும் தொடங்கினால் அது பெற்றோல் என்ஜினுக்கானது. டீசலுக்கு சீ எழுத்து வேண்டும். சீஎப்-4 1990 களின் தொடக்கத்துக்கு உரியது. சீஎச்-4 1998 இலும், சீஐ-4 2002 இலும், சீகே-4 2016 இலும் வந்தவை. பழைய லொறிக்குப் பழைய தரம்தான் வேண்டும் என்பதில்லை. சீஐ-4 ஒயிலைப் பழைய என்ஜினுக்குத் தாராளமாக ஊற்றலாம். கந்தகம் கூடிய டீசலையும் கருத்தில் கொண்டு அமைந்த தரம் என்பதால், சாதாரண ஓட்டோ டீசலில் ஓடும் லொறிக்கு அது பொருத்தமானது. எப்ஏ-4 என்று எழுதியிருந்தால் மட்டும் தவிர்க்க வேண்டும். அது புதிய வகை என்ஜின்களுக்கான மெல்லிய ஒயில்.

ஜப்பான் லொறிகளுக்கு ஜாசோ என்ற தரமும் உண்டு. சைலன்சரில் கரி வடிகட்டி உள்ள லொறிக்கு டீஎச்-2 வேண்டும். சாதாரண ஒயில் எரிந்தால் மிஞ்சும் சாம்பல் அந்த வடிகட்டியை அடைத்துவிடும்; அதைப் புதிதாக வாங்கும் விலை தலையைச் சுற்ற வைக்கும். அத்தகைய லொறிக்கு கந்தகம் குறைந்த சுப்பர் டீசலும் அவசியம். வடிகட்டி இல்லாத பழைய லொறிக்கு டீஎச்-1 போதும். ஆகவே வாங்கும் லொறியில் வடிகட்டி இருக்கிறதா, வெட்டி அகற்றப்பட்டிருக்கிறதா என்பதை முதலில் கேட்டறியுங்கள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

தடிப்பான ஒயிலும், தடிப்பைக் கூட்டும் போத்தல் மருந்தும் ஊற்றி, சத்தத்தையும் புகையையும் சில நாட்களுக்கு அடக்கி லொறி விற்பவர்கள் உண்டு. எனவே லொறியைப் பார்க்கப் போகும்போது என்ஜினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். ஆறிய நிலையில் ஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு பாரம் ஏற்றி ஒரு மணித்தியாலமாவது ஓட்டி, நன்றாகச் சூடான பின் ஒயில் மூடியைத் திறந்து பாருங்கள். புகை குபுகுபுவென்று தள்ளினால் ரிங் தேய்ந்திருக்கிறது. அழுத்தத்தையும் அப்போதே கேஜ் பூட்டிப் பாருங்கள். எந்த ஒயில் ஊற்றினீர்கள் என்று விற்பவரிடம் கேளுங்கள். கைநூல் 40 கேட்கும் என்ஜினில் 50 இருந்தால், ஏன் என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். பதில் கிடைக்காவிட்டால் என்ஜின் வேலைச் செலவை விலையில் குறைத்துப் பேசுங்கள்.

வாங்கிய பின் பழைய ஒயிலையும் பில்டரையும் உடனே மாற்றி, கைநூல் சொல்லும் ஒயிலை ஊற்றுங்கள். புதிய ஒயில் உள்ளே படிந்த அழுக்கைக் கழுவிக் கொண்டு வரும் என்பதால், முதல் தடவை வழமையான தூரத்தில் பாதியிலேயே மீண்டும் மாற்றுவது நல்லது. டீசல் ஊற்றி என்ஜினை ஓடவிட்டுக் கழுவுவதைத் தவிருங்கள். அந்த நிமிடங்களில் பெயாரிங்குக்குப் பாதுகாப்பு இல்லை, மிஞ்சும் டீசல் புதிய ஒயிலையும் மெல்லியதாக்கும்.

முத்திரையிட்ட கேனையே வாங்குங்கள். பீப்பாவிலிருந்து அளந்து தரும் ஒயிலில் என்ன இருக்கிறது என்பது ஊற்றுபவருக்கே தெரியாது. பற்றுச்சீட்டை எடுத்து வையுங்கள். வெறும் கேனைத் துளையிட்டு எறியுங்கள். இல்லாவிட்டால் அது போலி ஒயிலோடு திரும்பி வரலாம். வழியில் ஒயில் குறைந்து, அதே தடிப்புக் கிடைக்காவிட்டால் கிடைக்கும் நல்ல டீசல் என்ஜின் ஒயிலை ஊற்றிக் கொண்டு வந்து சேருங்கள். குறைந்த மட்டத்தில் ஓடுவதைவிட அது பரவாயில்லை.

கடைசியாக, கடையில் கொடுக்கல் வாங்கலுக்குப் புத்தகம் வைத்திருக்கும் நாம் லொறிக்கும் ஒரு சிறு புத்தகம் வைப்போம். ஒயில் மாற்றிய திகதி, கிலோமீற்றர், தடிப்பு, தரம், இடையில் ஊற்றிய அளவு ஆகிய ஐந்தும் அதில் இருந்தால் போதும். சாரதி மாறினாலும் கராஜ் மாறினாலும் அந்தப் பக்கங்கள் பேசும். ஆயிரம் கிலோமீற்றருக்குக் கால் லீற்றர் என்றிருந்தது அரை லீற்றராகும்போதே உங்களுக்குத் தெரிந்துவிடும். என்ஜின் நடுவழியில் நிற்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. நாளை லொறியை விற்கும்போதும், வாங்குபவர் முன்னால் அந்தப் புத்தகத்தை வைத்து நல்ல விலை கேட்கலாம்.